அரை டெசிபல்

அத்தியாயம் 17

ஐந்து நாளாக மீட்டரம்மாவுக்குச் சரியாகத் தூக்கமில்லை. காரணம் ஒரே ஒரு பேச்சு. போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் தம்பி மனைவி வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தவள், போகிறபோக்கில் போட்டுவிட்டுப் பஸ் ஏறினாளே, அந்தப் பேச்சுதான்.

"அவர் வீட்டுல பாட்டே வைக்கிறதில்ல அண்ணி. ரெண்டு சத்தத்துல எது நல்லா இருக்குன்னு என்னைத்தான் கேட்கறார்."

யார்? பாம்புச்செவி என்று வீடே செல்லமாகக் கூப்பிட்ட தம்பி. பக்கத்து அறையில் கடிகாரம் நின்றால் படுக்கையிலிருந்தே சொல்லிவிடுகிறவன். அவன் போய், எது நல்லா இருக்கு என்று பெண்டாட்டியைக் கேட்கிறான். அந்த மகராசிக்குப் பிரஷர் குக்கர் விசில் எத்தனை என்று எண்ணுவதே தகராறு.

இந்தக் குடும்பத்தை இன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறவர்களுக்கு நாலு வரி. அப்பா ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர். கடையில் கிடைக்கிற டமால் டுமீல் பெட்டி இல்லை. பிரிட்டனில் அந்தக் காலத்து வானொலிப் பொறியாளர்கள் வகுத்த முறை. மெல்லிய பலகை, உள்பக்கம் தார் அட்டை, பின்பலகைக்குப் பன்னிரண்டு திருகு. விரல் முட்டியால் தட்டினால் 'டங்' என்று பாடக்கூடாது, 'தொப்' என்று அடங்கவேண்டும். மனிதக் குரல் மனிதக் குரலாகவே வரவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பிடிவாதம். முப்பது வருடத்தில் மூன்றே மாடல். பட்டறையில் அவற்றை ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர், மூணாம் நம்பர் என்பார்கள். பெயர் வைக்கிற சாமர்த்தியம் அப்பாவுக்கு அவ்வளவுதான்.

மூணாம் நம்பரைச் செய்தவள் மீட்டரம்மா, மூத்த மகள். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள் என்பதால் பட்டறை ஆட்கள் வைத்த பெயர். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த நம்பருக்குப் போட்டியாகத் தம்பியும் ஒரு ஜோடி செய்திருந்தான். திரைக்குப் பின்னால் இரண்டு ஜோடியையும் வைத்து, மாற்றி மாற்றிக் கேட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு ஜோடி, பச்சை எரிந்தால் இன்னொன்று. அப்பா சிவப்பு என்றார். தச்சர்கள் இரண்டு பேரும் சிவப்பு என்றார்கள். தம்பியும் சிவப்புதான் என்றான், சிவப்பு தன்னுடைய ஜோடி என்று சத்தியம் பண்ணாத குறையாக. திரையை விலக்கினால் சிவப்பு அக்காவுடையது.

சொந்தப் பெட்டியையே காதால் கண்டுபிடிக்கத் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று சொல்லிவிட்டுத் தம்பி மறுநாளே போய்விட்டான். இப்போது ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் என்று அறிவிப்பு ஸ்பீக்கர் மாட்டுகிறான். வார்த்தை காதில் விழுந்தால் போதும், நல்லா இருக்கா இல்லையா என்று யாரும் கேட்காத வேலை.

இதுவரை ஊருக்கே தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அன்று மத்தியானம், சோதனைக்குச் சற்று முன்னால், மீட்டரம்மா தன் பெட்டிக்குள் ஒரு ரெசிஸ்டரை மாற்றினாள். மாற்றினால் சத்தத்தை மறுபடி அளக்கவேண்டும். அவசரத்தில் மறந்துபோனாள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு சாமான்களை எடுத்து வைக்கும்போது சும்மா ஒரு தடவை அளந்து பார்த்தாள். அவளுடைய ஜோடி அரை டெசிபல் கூடுதலாக இருந்தது.

அரை டெசிபல் என்றால் ஒன்றுமே இல்லை. சத்தம் கூடியிருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் காது ஒரு பைத்தியக்காரப் பிராணி. கொஞ்சம் சத்தமாக இருந்தால் போதும், 'ஆகா, இதில்தான் உயிர் இருக்கிறது' என்று ஏமாந்துவிடும். அதனால்தான் ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு ஜோடியையும் அளந்து ஒரே அளவில் நிறுத்துவது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அதில் கோட்டை விட்டவள், விட்டதைத் தெரிந்துகொண்டவள், வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் தம்பி வரவில்லை. அப்புறம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதற்கப்புறம் பயமாக இருந்தது. ஆறு வருடம் ஓடிவிட்டது.

இன்று காலை எட்டு மணி. பட்டறைக்கு மேலே இருக்கிற கேட்கும் அறையில் அவள் தனியாக நின்றாள். தரையில் கம்பளம், சுவரெல்லாம் புத்தக அலமாரி, நடுவில் மூன்று நாற்காலி, எதிரே அந்தப் பழைய திரை. பத்து மணிக்கு ஒலிக்கருவிப் பத்திரிகையின் விமர்சகர் வருகிறார். முப்பது வருடத்து மாடல்களை வரிசையாகக் கேட்டு ஒப்பிட்டு எழுதப்போகிறார். தோற்றுப்போன ஜோடி ஏதாவது இருந்தால் அதையும் கேட்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட, அப்பா பரணிலிருந்து தம்பியின் ஜோடியை இறக்கிவிட்டார். தம்பிக்கும் அவரே போன் போட்டு வரச்சொல்லியிருந்தார்.

அவள் சிவப்பில் மூணாம் நம்பரை இணைத்தாள். பச்சையில் தம்பியுடையதை. நாற்காலியில் காது இருக்கிற உயரத்தில் மீட்டரை நிறுத்திச் சோதனை இரைச்சலை ஓட விட்டாள். சிவப்பு எழுபத்தைந்து. பச்சை எழுபத்தைந்து. சுத்தமாக, நேர்மையாக, தராசு முள் மாதிரி.

அத்தோடு கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பச்சைக்கு உண்டான குமிழை இன்னும் ஒரு மயிரிழை திருப்பினாள். எழுபத்தைந்தரை.

எடுத்ததைத் திருப்பி வைக்கிறேன், இதில் என்ன தப்பு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இன்றைக்கு அவன் ஜெயிக்கட்டும். அப்பாவே அவன் பெட்டியைத் தேர்ந்தெடுக்கட்டும். அவனுக்கு அவன் காது திரும்பக் கிடைத்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மீட்டரை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

விமர்சகர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கனத்த மனிதர். கையில் ஒரு நோட்டு, கக்கத்தில் சொந்தக் குஷன். அடுத்தவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் காதின் உயரம் மாறிவிடுமாம், அதற்காக எங்கே போனாலும் அது கூடவே வரும். தம்பி பின்னாலேயே வந்தான். வேலை உடுப்பு, தோளில் கருவிப் பை. அக்காவைப் பார்த்து ஒரு தலையசைப்பு. நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு, இங்கயே இருக்கேன் என்று கதவோரம் நின்றுகொண்டான். தனக்கு இங்கே கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி நின்றான்.

அப்பா தன்னுடைய ஒலிப்பதிவைப் போட்டார். எந்தப் பெட்டியையும் முதலில் அதில்தான் சோதிப்பார். சலவை இயந்திரத்தோடு வருகிற கையேட்டை அவரே நிதானமாகப் படித்துப் பதிவு செய்தது. "துணிகளை அளவுக்கு மேல் திணிக்க வேண்டாம்." இந்த வீட்டுப் பிள்ளைகள் நிலாப் பாட்டுக்கு முன்னால் இதைத்தான் மனப்பாடம் செய்தார்கள். பக்கத்திலேயே நிஜ அப்பா நிற்கிறார் அல்லவா, பெட்டி பேசுவது அவர் குரலா, அவருடைய ஒன்றுவிட்ட தம்பி குரலா என்று உடனே தெரிந்துவிடும்.

முதலில் ஒண்ணாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும். ஒண்ணாம் நம்பரில் அப்பாவின் குரல் கதகதப்பாக வந்தது, ஆனால் கீழ் சுரங்களில் சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி கொஞ்சம் உப்பிக்கொண்டது. ரெண்டாம் நம்பரில் அந்த ஊதல் இல்லை, எழுத்துக்கள் துல்லியம், ஆனால் 'ச' வருகிற இடமெல்லாம் ஒரு சீற்றம். விமர்சகர் நோட்டில் எழுதிக்கொண்டே, முதலாவதோடு குடித்தனம் பண்ணலாம், இரண்டாவதோடு தொழில்தான் பண்ணலாம் என்றார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். தானே செய்த இரண்டையும் ஒருவன் முகத்துக்கு நேரே குறை சொன்னால் சிரிக்கிற மனிதர் அவர். நேர்மையாகக் கேட்டுச் சொன்னால் போதும் அவருக்கு. மகளுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது.

அடுத்து சிவப்பும் பச்சையும். எது எது என்று மீட்டரம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினாள். சலவை இயந்திரம், அப்புறம் ஒரு பெண் தனியாகப் பாடுவது, அப்புறம் வயலின்.

விமர்சகர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பச்சையில் பாடுகிறவள் ஓர் அடி முன்னால் வந்து நிற்கிறாள் என்றார். அப்பாவும் மெல்லத் தலையாட்டினார். பச்சையில் ஏதோ இருக்கிறது என்றார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்தது மீட்டரம்மாவுக்கு. ஓரக்கண்ணால் தம்பியைப் பார்த்தாள்.

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை மாற்றச் சொன்னான். இன்னொரு தடவை. பிறகு அலமாரிக்குப் போய் மீட்டரை எடுத்தான்.

காலையிலேயே அளந்துவிட்டேன் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் இரைச்சலைப் போடச் சொன்னான், போட்டாள். சிவப்பு எழுபத்தைந்து. பச்சை எழுபத்தைந்தரை. அவன் எண்ணை யாருக்கும் காட்டாமல் மீட்டரை அணைத்தான். ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது, ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று விமர்சகரிடம் பணிவாகச் சொன்னான். ஒரு ஸ்க்ரூடிரைவர் வேண்டும், எங்கே இருக்கிறது என்று காட்டு என்று அக்காவை வெளியே கூப்பிட்டான். அவன் தோளில் தொங்கின பையில் ஸ்க்ரூடிரைவர் ஒரு டஜன் இருந்தது.

பலகைகள் அடுக்கிவைத்த பின்னறை. கதவைச் சாத்தினான்.

"பச்சை என்னுது. சரியா?"

அவள் தலையாட்டினாள்.

"மீட்டரை எடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது, தூக்கலா இருக்குன்னு. ஆஸ்பத்திரி வராண்டால முப்பது ஸ்பீக்கர் மாட்டறேன். ஒண்ணு கொஞ்சம் கூடினாலும் நர்ஸுங்க சண்டைக்கு வருவாங்க. ஆறு வருஷமா என் காதுக்கு அது ஒண்ணுதான் வேலை. நீ லெவல்ல தப்பு பண்றவ இல்ல. எனக்கே காது குத்தறியா அக்கா?"

உனக்காகத்தான் என்று ஆரம்பித்தாள். நீ ஜெயிக்கணும் என்று, பழையபடி இங்கே வரணும் என்று, என்னென்னவோ உளறினாள். அவன் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டான். கேட்டுக்கொண்டிருந்தவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"சும்மா கொடுக்கற மாதிரி இல்லையே இது. திருப்பிக் கொடுக்கற மாதிரி இருக்கு. அப்போ எடுத்தது எப்போ?"

அதற்குமேல் மறைக்க அவளிடம் தெம்பில்லை. ரெசிஸ்டர் மாற்றினது, அளக்க மறந்தது, சாயங்காலம் அளந்து பார்த்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தெரிந்து செய்யவில்லைடா என்றாள். சொல்லும்போதே அந்த வார்த்தை எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவளுக்கே உறைத்தது. தெரியாமல் செய்தது ஒரு மத்தியானம். தெரிந்தே மூடி வைத்தது ஆறு வருடம்.

தம்பி கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. அடுக்கியிருந்த பலகை ஒன்றை விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினான். அப்பாவிடம் நீயே சொல், இப்போதே, அந்த மனுஷர் இருக்கும்போதே என்று மட்டும் சொன்னான்.

சொன்னாள். நின்றபடியே, கம்பளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அன்றைய அரை டெசிபலையும் சொன்னாள், இன்றைய அரை டெசிபலையும் சொன்னாள். விமர்சகர் நோட்டை மூடிவிட்டுத் தன் குஷனின் ஓரத்தை நோண்டிக்கொண்டிருந்தார்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. சாயங்காலம்."

நானும்தானே சிவப்பு என்றேன் என்று யாரிடமோ சொல்கிற மாதிரி அப்பா முணுமுணுத்தார். பிறகு விமர்சகர் பக்கம் திரும்பி, மறுபடி வைத்துப் பார்த்துவிடலாம், ஆனால் நீங்கள்தான் வைக்கவேண்டும் என்றார். இடத்தை மாற்றுங்கள், வயரை மாற்றுங்கள், அளவை நீங்களே நிறுத்துங்கள், இவள் கை எதிலும் படவேண்டாம் என்றார். கடைசியில் சொன்னது மீட்டரம்மாவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் அது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது.

மூன்று பேரையும் வெளியே அனுப்பிவிட்டு விமர்சகர் திரைக்குப் பின்னால் கால்மணி நேரம் மல்லுக்கட்டினார். ஏதோ உருள்கிற சத்தமும் அவர் முனகுகிற சத்தமும் கதவு வழியாகக் கேட்டது. வேறு நாளாக இருந்தால் அக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். இன்று ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே கூப்பிட்டார். மூன்று நாற்காலியில் அப்பா, மகன், மகள். இந்தச் சோதனையில் அவள் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. எப்போதும் பொத்தான் அவள் கையில்தான் இருக்கும்.

சலவை இயந்திரம் ஓடியது. பெண் பாடினாள். வயலின் வந்தது. சிவப்பு, பச்சை, பச்சை, சிவப்பு.

அவளால் சரியாகக் கேட்கவே முடியவில்லை. சிவப்பாக இருக்கட்டும், பச்சையாக இருக்கட்டும், தம்பியுடையதாக இருந்துவிட்டால் போதும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் காதுக்கு வேண்டுதல் தெரியாதே. பச்சையில் அப்பாவின் குரல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அப்பாவிடமிருந்தே வருகிற மாதிரி இருந்தது. சிவப்பில் அதே குரல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தது. இனிமையாகத்தான் இருந்தது, ஆனால் போர்த்திக்கொண்டுதான் இருந்தது. பச்சை என்றாள்.

அப்பாவும் பச்சை என்றார்.

தம்பி கண்ணைத் திறக்கவே இல்லை. "பச்சைதான். சிவப்பு என்னுது. மேல் சுரத்தை நான் கொஞ்சம் அடக்கி வெச்சேன், அது தெரியுது."

விமர்சகர் திரையை விலக்கினார். பச்சை, மூணாம் நம்பர். அக்காவுடையது.

அப்பாடா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், மீட்டரம்மாவின் மனசு துள்ளிவிட்டது. அப்படியானால் நான் ஏமாற்றி ஜெயிக்கவில்லை, என் பெட்டி நிஜமாகவே நல்ல பெட்டி, ஆறு வருடமாக வாங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் ஏமாறவில்லை. அடுத்த கணமே அந்தத் துள்ளலுக்காக அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பு வந்தது.

விமர்சகர் குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரையைக் கொடுத்தாகவேண்டும், நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா மகளைக் கைகாட்டி, அதை அவளிடம் கேளுங்கள் என்றார். முகத்தை மட்டும் அவள் பக்கம் திருப்பவில்லை. யோசித்துச் சொல்லம்மா என்று நம்பர் எழுதின சீட்டு ஒன்றை அவள் கையில் திணித்துவிட்டு விமர்சகர் படி இறங்கினார்.

அப்பா மகனிடம், நாலாம் நம்பருக்கு வேலை ஆரம்பிக்கவேண்டும், திங்கட்கிழமை வருகிறாயா என்று கேட்டார். கெஞ்சுகிற குரல் அவருக்கு வராது, இன்று வந்தது. தம்பி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

வாசல்வரை அவள் பின்னாலேயே போனாள். மன்னிச்சுடுடா என்று எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை, இப்போது நாக்கில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அவன் வண்டியின் பின்கதவைத் திறந்து பையை வைத்தான். திரும்பி அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"உன்னுது நல்ல பெட்டி அக்கா. அன்னிக்கும் அதுதான் நல்ல பெட்டி. அன்னிக்கே நீ சொல்லியிருந்தா மறுபடி அளந்து வெச்சுக் கேட்டிருப்போம். என்னுது எதுன்னு நான் கண்டுபிடிச்சிருப்பேன். தோத்தும் போயிருப்பேன்."

கதவைச் சாத்தினான்.

"தோத்துப்போய் இங்கயேதான் இருந்திருப்பேன்."